தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கல்வி ஆய்வு: முதல் தடவை போகிறவர்களுக்கு

என்னுடைய முதுகல்விமாணி (எம்.எட்.) ஆய்வு 8 மாதத்தில் முடிந்திருக்க வேண்டியது. 21 மாதம் இழுத்தது. நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலை, அதற்குப் பிள்ளைகளை அனுப்பும் மூன்று டிவிசன் (தோட்டப் பிரிவு), நாற்பது சொச்சம் குடும்பம். அவ்வளவுதான். பாதிக் காலம் எந்தக் கந்தோருக்கு எந்தக் கடிதத்தோடு போவது என்று தெரியாமல் போனது. மீதியில் பெரும்பகுதி, தப்பான கேள்வியைக் கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்ததில் போனது. நான் ஹட்டன் டவுனில் வளர்ந்தவள், ஆசிரியை. அவர்களும் தமிழ், நானும் தமிழ், அப்புறம் என்ன என்ற நினைப்பில்தான் லயத்துக்குள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள், கால் வைத்தேன். நீங்களாவது அந்த நினைப்போடு போகாதீர்கள்.

உங்கள் மேற்பார்வையாளர் பூர்வகுடி ஆய்வு முறைகளைப் படித்துவிட்டு வரச் சொல்லியிருப்பார். நியூசிலாந்தின் மாவோரி மக்கள், கனடாவின் முதற்குடிகள் போன்றவர்கள் "எங்களைப் பற்றி எழுதுவதானால் எங்களோடு சேர்ந்து எழுதுங்கள்" என்று கேட்டு வளர்த்த முறைகள் அவை. கல்வித்துறைக்காரர்களுக்குப் பயன்படும் சுருக்கம், வெர்னா கர்க்னஸும் ரே பார்ன்ஹார்ட்டும் 1991இல் உயர்கல்வி பற்றி எழுதிய கட்டுரையில் சொன்ன நான்கு: மதிப்பு, பொருத்தம், கைமாறு, பொறுப்பு. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் தங்களிடம் ஆய்வுக்கு வருகிறவர்களுக்கென்றே ஒரு நெறிக்கோவை வெளியிட்டார்கள். இதையெல்லாம் படியுங்கள். ஆனால் ஆய்வு முன்மொழிவில், தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரைப் "பூர்வகுடி" என்று எழுதிவிடாதீர்கள். நான் எழுதி, முதல் கூட்டத்திலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். இலங்கையில் அந்தச் சொல்லுக்கு உரியவர்கள் வேடர்கள்; அவர்களுடைய தம்பானை இதே மலைநாட்டின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. முறையை இரவல் வாங்கலாம். பட்டத்தை வாங்கக் கூடாது.

1. கேள்வித்தாளுக்கு முன் ஒரு தடவை வெறுங்கையோடு போங்கள்

நான் முதல் தடவை போனபோது கையில் 42 கேள்வி இருந்தது. தலைப்பு, "தோட்டப் பிள்ளைகளின் ஒழுங்கீனமான வரவும் பெற்றோரின் அக்கறையும்". கொழுந்து எடுத்துவிட்டு வந்து இடுப்பில் கட்டிய ஈரப் படங்கைக்கூட அவிழ்க்காமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, கேள்விகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பதினைந்து, பதினாறு போயிருக்கும். கையைக் காட்டி நிறுத்தினார்.

"கேள்வி எல்லாம் எங்களப் பத்தியும் எங்க புள்ளைங்களப் பத்தியுந்தான் இருக்கு. பள்ளிக்கூடத்தப் பத்தி ஒன்னுமே இல்லியே டீச்சர்?"

பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். 42இல் 39 வீட்டைப் பற்றியவை. அந்தப் பாடசாலையில் இரண்டு தவணையாகக் கணிதத்துக்கு ஆளில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த லயத்தில் தெரியாத ஆளே இல்லை. அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு முன்மொழிவைத் திரும்ப எழுத 3 மாதம் ஆனது.

ஆகவே ஒரு தடவை சும்மா போய்ப் பேசிவிட்டு வாருங்கள். ஒலிப்பதிவு வேண்டாம், குறிப்பேடு வேண்டாம். இந்தப் பேச்சைத் தரவாகப் பயன்படுத்தவும் கூடாது. பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதிக்கு முன் எடுத்த தரவு செல்லாது, பிடிபட்டால் ஆய்வே போகும். "பள்ளிக்கூட விஷயத்தில் உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?" என்று மட்டும் கேளுங்கள். இதற்கு இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கினால் போதும்.

யாரோடு போகிறீர்கள் என்பதில் கவனம். தோட்ட ஜீப்பில் வந்து இறங்கினால் நீங்கள் துரையின் (தோட்ட முகாமையாளரின்) ஆள். ஒரு தொழிற்சங்கத்துத் தலைவர் கூட்டிக்கொண்டு போனால் மற்றச் சங்கத்து வீடுகள் கதவைச் சாத்திக்கொள்ளும். பாடசாலை அதிபரோடு போனால் பெற்றோர் பாடசாலையைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வார்கள். எனக்கு வழி திறந்துவிட்டது பிள்ளைக் காம்பராவை (தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தை) பார்த்துக்கொள்கிற அக்கா. எல்லா வீட்டுத் தாய்மாரும் காலையும் மாலையும் அவரைப் பார்த்தே ஆக வேண்டும், அவருக்கு எந்தக் கட்சியும் இல்லை.

2. ஒரு சிறு குழு, ஒரு பக்க உடன்பாடு

ஆய்வை உங்களோடு சேர்ந்து நடத்த ஏழு பேர் போதும். என்னுடைய குழுவில் இரண்டு தாய்மார், பிள்ளைக் காம்பரா அக்கா, ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர், சாதாரண தரத்தோடு நின்று கொழும்பில் கடையில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய ஒரு தம்பி, உயர்தரம் படிக்கிற ஒரு தங்கை, பக்கத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவர். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தையே குழுவாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சிலர் சொல்வார்கள். சுலபந்தான். ஆனால் அங்கே வருகிறவர்கள் எப்போதும் வருகிறவர்கள். உங்களுக்குத் தேவை வராதவர்கள்.

குழுவோடு உட்கார்ந்து ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக்கொள்ள வேண்டியவை: எந்தக் கேள்வியையும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை குழுவுக்கு உண்டா, ஒலிப்பதிவு யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும், வரைவை யார் முதலில் பார்ப்பார்கள், எதை எழுதவே கூடாது. கனடாவின் முதற்குடிகள் 1998 முதல் தங்கள் தரவுக்கு வைத்திருக்கும் நான்கு கோட்பாடுகள் (உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம்) இதற்கு நல்ல சட்டகம். எங்கள் குழு "எழுதக் கூடாது" என்று சொன்னது இரண்டே விஷயம்: எந்த வீட்டில் குடி, எந்த வீட்டில் கடன். மேற்பார்வையாளருக்கு அது பிடிக்கவில்லை. உடன்பாட்டைக் காட்டியதும் விட்டுவிட்டார்.

3. அனுமதிக் கடிதங்கள்: எது முதலில்

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழு "பாடசாலையின் அனுமதிக் கடிதம் எங்கே?" என்று கேட்கும். கல்வித் திணைக்களம் "ஒழுக்கநெறி அனுமதி எங்கே?" என்று கேட்கும். நான் இந்த இரண்டு மேசைக்கும் நடுவில் 11 வாரம் நடந்தேன். வழி இதுதான்: அதிபரிடம் "உரிய அனுமதிகள் கிடைத்தால் எனக்கு ஆட்சேபனை இல்லை" என்று ஒரு கடிதம் வாங்குங்கள். அதை வைத்து ஒழுக்கநெறிக் குழுவுக்கு விண்ணப்பியுங்கள். அவர்களுடைய அனுமதி வந்த பிறகு திணைக்களத்துக்குப் போங்கள்.

தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் மாகாணப் பாடசாலைகள். நுவரெலியா, கண்டி, மாத்தளை என்றால் மத்திய மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கும், பதுளை என்றால் ஊவா மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கும் எழுத வேண்டும். தேசிய பாடசாலை ஒன்றையும் சேர்க்கிறீர்களென்றால் அதற்குத் தனியாகப் பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சு. மாகாணக் கடிதம் கிடைத்ததும் அதன் பிரதியோடு வலயக் கல்விப் பணிப்பாளரிடம் போங்கள். நுவரெலியா மாவட்டத்தில் மட்டும் ஐந்து வலயம்: நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த. உங்கள் பாடசாலை எந்த வலயம், எந்தக் கோட்டம் (வலயத்தின் உட்பிரிவு) என்று அதிபரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பஸ் எந்த டவுனுக்குப் போகிறது என்பதை வைத்து ஊகிக்காதீர்கள். நான் ஊகித்து ஒரு நாள் லீவை வீணாக்கினேன்.

திணைக்களக் கோப்பில் நான் வைத்தவை: மேற்பார்வையாளர் கையெழுத்தோடு பல்கலைக்கழகக் கடிதம், இரண்டு பக்க ஆய்வுச் சுருக்கம், கேள்விகள் முழுவதும், சம்மதப் படிவங்கள், பாடசாலைப் பட்டியல், ஒழுக்கநெறி அனுமதிப் பிரதி, அடையாள அட்டைப் பிரதி. சுருக்கத்தைச் சிங்களத்திலும் வையுங்கள். யாரும் கேட்கவில்லை, ஆனால் சிங்களப் பிரதியைச் சேர்த்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. மூன்று செட் எடுத்து, ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத பிரதியோடு போய் "கடிதம் வரவில்லை" என்ற பதிலைக் கேட்டவர்களில் நானும் ஒருத்தி.

எனக்கு எடுத்த காலம்: ஒழுக்கநெறிக் குழு 9 வாரம், மாகாணம் 5 வாரம், வலயம் ஒரே நாள். ஒழுக்கநெறிக் குழு என்றைக்குக் கூடுகிறது, அதற்கு எத்தனை நாள் முன் விண்ணப்பம் போக வேண்டும் என்பதை முதலிலேயே விசாரியுங்கள். ஒரு நாள் பிந்தினால் அடுத்த கூட்டம் வரை காத்திருப்புதான். நீங்களே அரச ஆசிரியராக இருந்தால் ஆய்வு அனுமதி வேறு, உங்கள் லீவு வேறு. இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்காதீர்கள்.

ஆசிரியர் வெற்றிடம், மாணவர் தொகை போன்ற புள்ளிவிவரங்களை வாய்மொழியாகக் கேட்டு அலைய வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயத் தகவல் அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

4. தோட்ட நிர்வாகம்

பாடசாலை அரசுடையது, லயம் இருப்பது தோட்டத்தில். வீடு வீடாகப் போகப் போகிறீர்களென்றால் தோட்டத்துரைக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. "கல்வி ஆய்வு, சம்பளமோ வேலை நிலைமையோ கேட்கப்படாது" என்று எழுதுங்கள். உண்மையிலேயே கேட்காமலும் இருங்கள். நாள், நேரத்தைச் சொல்லுங்கள். யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்ற பட்டியலைக் கொடுக்காதீர்கள். என்னிடம் கேட்டார்கள். "ஒழுக்கநெறிக் குழு விதி, தர முடியாது" என்றேன். அந்த ஒரு தடவைதான் அந்தக் குழுவை மனதார வாழ்த்தினேன்.

5. சம்மதம்: கையெழுத்து என்றால் பயம்

பல்கலைக்கழகம் தந்த படிவத்தில் "இவ்வாய்வில் தன்னார்வ அடிப்படையில் பங்குபற்றுவதற்கு இத்தால் சம்மதம் தெரிவிக்கின்றேன்" என்று இருந்தது. வாசித்துக் காட்டினேன். ஒருவர் கேட்டார், "இதுல கையெழுத்து வெச்சா சம்பளத்துல சந்தா வெட்டுவாங்களா?" அவர் கேட்டதில் பிழையில்லை. சங்கத்தில் சேரக் கையெழுத்து வைத்தால் மாதச் சம்பளத்தில் சந்தா பிடிபடும். வேறு எதற்கு அவரிடம் வந்து யார் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள்?

வாய்மொழிச் சம்மதத்துக்கு ஒழுக்கநெறிக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். சாட்சி ஒருவர் முன்னால் ஒலிப்பதிவில் சொன்னால் போதும் என்று விண்ணப்பத்திலேயே எழுதலாம். பிறகு திருத்தம் போட்டால் இன்னும் ஒரு மாதம் போகும். படிவத்தை உங்கள் ஏழு பேர் குழுவிடம் கொடுத்து எழுத வையுங்கள். எங்களுடையது இப்படி முடிந்தது: "இஷ்டம் இருந்தா பேசலாம். நடுவுல நிறுத்தலாம். சொன்னத வேணாம்னு சொன்னா அழிச்சிடுவாங்க. பேசாட்டியும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல ஒரு குறையும் வராது." அந்தக் கடைசி வரி பல்கலைக்கழகப் படிவத்தில் இல்லவே இல்லை. தாய்மார் எல்லோரும் கேட்டது அதைத்தான்.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் பெற்றோர் சம்மதம், அதோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும். அம்மா வெளிநாட்டில் வேலை செய்கிறார், பிள்ளை பாட்டியோடு இருக்கிறது என்ற வீடுகள் நிறைய. பாட்டி பாதுகாவலராகச் சம்மதம் தரலாமா என்பதையும் விண்ணப்பத்திலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். படிவங்களைத் தபாலில் அனுப்பாதீர்கள். வீட்டு இலக்கம் இல்லாத லயத்துக்கு வரும் கடிதம் எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கும் என்று சொல்ல முடியாது.

6. நேரமும் காசும்

காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு), பிறகு மலை, சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தால் தண்ணீர், சமையல். மாலை 6.30க்கு மேல் ஒரு மணி நேரம், இல்லாவிட்டால் ஞாயிறு. 10ஆம் திகதி சம்பளம். அன்றைக்கும் மறுநாளும் போகாதீர்கள். மாசியில் காமன் கூத்து நடக்கும் தோட்டமென்றால் இரவில் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். நீங்களும் போய்ப் பாருங்கள், ஆய்வு ஓடிப்போகாது. மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மழை. மார்கழி, தை மாதங்களில் பதுளை, பசறை பக்கம் மழை. மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். பாடசாலைக்குள் வேலையென்றால் தவணைப் பரீட்சை வாரங்களையும், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு முந்திய மாதத்தையும் விடுங்கள். அந்த மாதம் ஆசிரியர் யாருக்கும் உங்களைத் தெரியாது.

காசு: எனக்குப் போக்குவரத்துத்தான் பாதி. டவுனிலிருந்து பஸ், பிறகு தோட்டப் பாதையில் ஆட்டோ, இருட்டிவிட்டால் திரும்பி வர அதே ஆட்டோவைக் காத்திருக்க வைக்கும் காசு. அடுத்தது போட்டோகொப்பி, மொழிபெயர்ப்பு. கூட்டத்துக்கு பிஸ்கட், தேத்தண்ணீர். தேயிலைத் தோட்டத்துக்கு நாம் தேயிலைப் பக்கெட் வாங்கிக்கொண்டு போவது வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வாங்கிக்கொண்டுதான் போனேன்.

வேலை நாளில் யாரையும் கூப்பிடாதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் அவருக்குப் போகிற பேருக்குரிய (ஒரு நாள் வேலைக்குரிய) சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350 ஆனது. நீங்கள் போகிற நாளில் என்னவென்று கேட்டு, அதைப் "பங்கேற்பாளர் ஊதிய இழப்பு" என்று தலைப்புப் போட்டு வரவுசெலவில் காட்டுங்கள். "ஊக்குவிப்பு" என்று எழுதினால் ஒழுக்கநெறிக் குழு வெட்டிவிடும்.

7. கேட்பது எப்படி

நேர்காணலைவிட எங்களுக்குக் கைகொடுத்தது பிள்ளைகளோடு பாடசாலைக்கு நடந்தது. பிறகு அதே பாதையை வரையச் சொன்னோம். மூன்று பிள்ளைகள் பாதையோரம் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். கோயில் குங்குமம் என்று நினைத்து நான் குறித்துக்கொண்டேன். குழுவிலிருந்த தம்பி சிரித்தான்: "டீச்சர், அது குளவிக்கூடு." அந்த மரத்தடியைச் சுற்றிப் போவதற்குத்தான் சின்னப் பிள்ளைகள் மேல் பாதையில் ஏறி, மழை நாளில் பிந்தி வருகிறார்கள். வரவு இடாப்பில் அது "தாமதம்". என் கேள்வித்தாளில் அது "அக்கறையின்மை".

பெரியவர்களிடம் பேசும்போது தலைவர்மார் பக்கத்தில் இருந்தால் பெண்கள் பேச மாட்டார்கள். பீலிக்கரையில் (தண்ணீர்க் குழாயடியில்) துணி துவைக்கும்போது பேசுவார்கள். அங்கே ஒலிப்பதிவு செய்யாதீர்கள். கேட்டதை வைத்து, பிறகு வீட்டில் சம்மதத்தோடு திரும்பக் கேளுங்கள்.

பதிவை எழுத்தாக்கும்போது பேச்சைத் திருத்தாதீர்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகாததை அவர்கள் மூன்று விதமாகச் சொன்னார்கள்: "நின்னுட்டான்", "நிப்பாட்டிட்டோம்", "நிப்பாட்டிட்டாங்க". நான் மூன்றையும் "இடைவிலகல்" என்று எழுதி அட்டவணை போட்டேன். அட்டவணையைப் பார்த்த கங்காணி ஐயா, "யாரு நிப்பாட்டுனதுன்னு இதுல தெரியலியேம்மா" என்றார். முதலாவதில் பையன், இரண்டாவதில் வீடு, மூன்றாவதில் பாடசாலை. பதிவுகளைத் திரும்பக் கேட்டு எல்லாவற்றையும் மூன்றாகப் பிரித்தேன். ஒரு மணி நேரப் பதிவை எழுத எனக்கு ஆறு மணி நேரம் பிடித்தது, ஆகவே அந்த வேலை மட்டும் 5 வாரம். ஆய்வில் உருப்படியான அத்தியாயம் அதுதான். பரீட்சகர்களும் அதைப் பற்றித்தான் கேட்டார்கள்.

8. பெயரை மாற்றினால் மட்டும் போதாது

தோட்டத்தின் பெயரை மாற்றிவிட்டு, "நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்துக் கோயில்" என்று எழுதினால் மஸ்கெலியாவில் பஸ் ஏறுகிற எவருக்கும் தெரிந்துவிடும். "கணித ஆசிரியர்" என்று எழுதினால் அந்தப் பாடசாலையில் அவர் ஒருவர்தான். பாடம், வயது, ஆண் பெண் மூன்றில் ஒன்றையாவது கலைத்துவிடுங்கள். வட்ஸ்அப் குழுவில் வந்த படம், குரல் எதையும் எடுத்துப் போடாதீர்கள்.

9. வரைவைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள்

பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள், பட்டம் வாங்கிய பிறகு நீங்கள் போக மாட்டீர்கள். (நான் போயிருக்க மாட்டேன்.) முழு ஆய்வும் தேவையில்லை. தமிழில் நான்கு பக்கம், பெரிய எழுத்து, பிள்ளைகள் வரைந்த பாதைப் படம். ஞாயிறு சாயங்காலம் கோயில் மண்டபம் நல்ல இடம். பூசாரியிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். திருத்தங்களுக்கு இரண்டு வாரம் வையுங்கள். எங்களுக்கு 14 திருத்தம் வந்தது, 12 ஏற்றுக்கொண்டேன், மற்ற இரண்டையும் ஏன் ஏற்கவில்லை என்று போய்ச் சொன்னேன். ஒருவர் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.

முடிந்த பிறகு பிரதி கொடுக்க வேண்டிய இடங்கள்: வலயக் கந்தோர், அதிபர், குழுவில் ஏழு பேருக்கும் ஒவ்வொன்று, பிள்ளைக் காம்பராவுக்கு ஒன்று. நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தை லெமினேட் பண்ணிக் கொடுங்கள். முதலில் நான் வெறும் தாளில் கொடுத்தேன். அடுத்த மழைக்குள் சுவரோடு ஒட்டிப்போனது.